குழாய் ஸ்பீக்கர் சொன்ன விடைகள்

அன்பு மகன் பாண்டிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் ஆம்ப்ளிபயரும் சுகம். அங்கே நீயும் உன் புது மீசையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூர்த் தண்ணீர் குடித்தால் ஆள் பளபளவென்று ஆகிவிடுவான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஆகிவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைதானா என்று சந்தேகம் வந்துவிடுமே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நீ பஸ் ஏறிய நாளிலிருந்து அவள் சிரிப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நான் சிரிப்பை விடவில்லை, உட்காருவதைத்தான் விட்டுவிட்டேன். கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். எழுந்தால் காளவாசல் முக்கு வரைக்கும் போகிறேன். போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருகிறேன். "கடுதாசி எழுதணும், எழுதணும்னு வீட்ட இம்புட்டு வாட்டி சுத்துறீங்களே, கோயிலச் சுத்தியிருந்தாலும் புண்ணியமாச்சும் கெடச்சிருக்கும். உக்காந்து எழுதித் தொலைங்க" என்று உன் அம்மா பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்போடு உறவு முறிந்த கதை உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இல்லை.

அந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி எழுதிவிட்டு மறுபடியும் முக்குக்குப் போய்விடுவேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நீ படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. மைக் செட் எப்போதும்போல நம்முடையது. ஓட்டப் பந்தயம், பேச்சுப் போட்டி, கோலப் போட்டி எல்லாவற்றுக்கும் அன்றைக்குத்தான் பரிசு கொடுப்பார்கள். நீ நடத்திக் கொடுத்துவிட்டுப் போன வினாடி வினாப் போட்டிக்கு மட்டும் முதல் பரிசு கிடையாதாம். கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன, ஜெயித்த பிள்ளைகள் கள்ளத்தனம் பண்ணிவிட்டார்கள், அவர்களுடைய பள்ளிக்கூடம் இனி எந்தப் போட்டிக்கும் இங்கே வரக்கூடாது என்று மேடையில் நின்று படிக்கப் போகிறார்கள். என் மைக்கில் படிக்கப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தன் காளவாசலில் நடந்துகொண்டிருக்கிறான். இன்னொருத்தன் கோயம்புத்தூரில் ஒரு பேங்கில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

உனக்குத் தெரிந்த கதைதானே என்பாய். நீ மேடையிலிருந்து பார்த்தது உனக்குத் தெரியும். ஆம்ப்ளிபயர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருந்தது. அதையும் ஒருமுறை கேட்டுக்கொள்.

நீ காலேஜில் படிக்கும்போது ஞானராஜ் சார் ஒரு வினாடி வினாப் போட்டி நடத்தினாரே, கோரிப்பாளையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளிக்கூட ஹாலில். அன்றைக்கும் மைக் செட் நான்தான். என் மகன் மேடையில் உட்கார்ந்து பதில் சொல்கிறான், நான் அவனுக்கு மைக் வைக்கிறேன் என்ற பெருமை தாங்காமல், டேப் ரிக்கார்டரை ஆம்ப்ளிபயரில் சொருகி முழுப் போட்டியையும் கேசட்டில் பிடித்துவிட்டேன். சார் கேள்வி கேட்பதும் நீ டக்கென்று பதில் சொல்வதும் ஜனம் கை தட்டுவதும் அப்படியே அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கடையில் பாட்டுக்குப் பதில் அதுதான் ஓடியது. "அண்ணே, ஒரு நல்ல பாட்டாப் போடுங்கண்ணே. டீ குடிக்க வந்தவன எல்லாம் பரீட்சை எழுதச் சொல்லுதீங்க" என்று பக்கத்துக் கடை டீ மாஸ்டர் கும்பிடு போடுவான். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். எனக்கு அதில் ஒரு கேள்வியும் புரியாது. உன் குரல் புரியும், அது போதும்.

இந்த வருஷம் உன் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு போட்டி வைக்கிறோம், கேள்வி தயார் பண்ணி நீதான் நடத்த வேண்டும் என்றார்கள். 'குவிஸ் பாண்டி' என்றால் சும்மாவா! அதே வாரத்தில் பேங்க் வேலைக்கான உத்தரவும் வந்தது. நீ துணி தைக்கக் கொடுக்க ஓடினாய், சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க ஓடினாய், லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய். பிறகு ஒருநாள் மத்தியானம் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, நீ தரையில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். கொஞ்சம் ஓடவிடுவாய், நிறுத்துவாய், பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்பாய். மடியில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாய். நான் சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை ஊர விட்டுப் போறான்ல, மனசு கேக்கல. பழசக் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாண்டி. சிரிக்காதே. நான் பிடித்து வைத்த கேசட் உனக்கு இம்புட்டுப் பிரியமா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பிரியத்துக்குப் பதில் மரியாதை செய்யாவிட்டால் நான் என்ன அப்பன்? போட்டி அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடக் கேட்டுக்கு மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டினேன். விழா ஆரம்பிக்கும் வரைக்கும் பாட்டுப் போடுவதுதான் வழக்கம். நான் உன் கேசட்டைப் போட்டேன். நீ வரும்போது உன் குரலே உன்னை வரவேற்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். நீ பின்வாசல் வழியாக ஹாலுக்குள் போய்விட்டாய் என்பது எனக்குத் தெரியாது. குழாயில் என்ன ஓடினாலும் ஜனம் காதில் வாங்காது, இது தொழிலில் நான் கற்ற பாடம். கே.கே. நகர்ப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கி நேரே கேன்டீனுக்குப் போனார்கள். மற்றவர்கள் ஹாலுக்குள் இடம் பிடிக்க ஓடினார்கள். உசிலம்பட்டி ரோட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில், குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். அதில் ஒருத்தி சகாயராணி. சோற்றை வாயில் வைப்பதற்குள் உதடு அசைகிறது. குழாய் கேட்கிறது, அவள் உதடு திரும்பிச் சொல்கிறது. "என்ன பாப்பா, முணுமுணுங்கிற?" என்றேன். "நல்லா இருக்குண்ணே, இன்னொருவாட்டி போடுறீங்களா?" என்றாள். என் கேசட்டை இன்னொரு தரம் போடச் சொன்ன முதல் ஜீவன் அவள்தான். பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன்.

அப்புறம் நீ மேடையேறினாய். கோட்டு இல்லாத குறைதான், மற்றபடி கலெக்டர் மாதிரி இருந்தாய். முதல் கேள்வி கேட்டாய். எனக்குத் தெரிந்த கேள்வியாக இருந்தது. இரண்டாவதும் தெரிந்ததாக இருந்தது. இந்த இடத்தில் உன் அப்பன் புத்தி எப்படி வேலை செய்தது என்று கேள். கல்யாண வீட்டில் ஐயர் சொல்லும் மந்திரம் ஒன்றுதானே, மாப்பிள்ளை பொண்ணுதானே வீட்டுக்கு வீடு மாறுகிறது, அதுபோல இந்த வினாடி வினாவுக்கும் கேள்வி என்று ஒரு வரிசை இருக்கும்போல, எல்லா ஊரிலும் அதையே சொல்வார்கள்போல என்று நினைத்தேன். இத்தனை வருஷம் மைக் கட்டியும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆகவே எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. நீ "கடலுக்குப் புறப்பட்டு, வழியில்..." என்று தொடங்கினாய். சகாயராணி மணியை அடித்தாள். "வைகை சார்! ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு விருந்தாளியாப் போயி அங்கனயே தங்கிருச்சு சார்!" என்றாள். ஹாலே சிரித்தது. நான் கை தட்டினேன். அடுத்த கேள்விக்கு நீ "ஒரு" என்றாய், அவள் மணியடித்துவிட்டாள். அப்போது ஹாலில் சிரிப்பு நின்று முணுமுணுப்பு கிளம்பியது. நீ என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, மைக் கிறீச்சிடுகிறது என்று நினைத்து நான் சத்தத்தைக் குறைத்தேன்.

போட்டி முடிந்து அந்த இரண்டு பிள்ளைகளும் ஜெயித்ததும் கே.கே. நகர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் தலைமையாசிரியரிடம் புகார் சொல்லப் போனார். நான் வெளியே வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கேட்டது. "கேள்விய யாரு குடுத்தா? உண்மையச் சொல்லு" என்று அதட்டுகிறார்கள். சகாயராணி கையை நீட்டிக் கேட்டுக்கு மேலே காட்டினாள். "அதுதான் சார் சொல்லுச்சு." பெரியவர்களைக் கேலி பண்ணுகிறாளா என்று அதற்கு வேறு ஒரு திட்டு. அந்த அறைக்குள் நீயும் நின்றுகொண்டிருந்தாய். அவள் சொன்னது உண்மை என்று உனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நீ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. சின்னப் பிள்ளைகள் சண்டை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று வண்டியைக் கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "கேட்டியாடா, உன் கேசட்ட அந்தப் புள்ள எம்புட்டு ஆசையாக் கேட்டுச்சு தெரியுமா" என்று நான் ஆரம்பித்ததும் நீ வெடித்தாய். "ஏம்ப்பா, உன்ன எவன் அதப் போடச் சொன்னது? ஊருல பாட்டா இல்ல?" என்றாய். "என் மானத்த வாங்கணும்னே போட்டியா?" என்றாய். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. மந்திரம் இல்லை, ஞானராஜ் சார் உட்கார்ந்து உண்டாக்கிய கேள்விகள். நீ கேசட்டிலிருந்து வரிசைகூட மாற்றாமல் எழுதிக்கொண்டு போய் உன் கேள்வி என்று கேட்டிருக்கிறாய். "எல்லாரும் இப்படித்தாம்ப்பா பண்றாங்க. மெட்ராஸ்ல கேட்டத மதுரையில கேக்குறாங்க, மதுரையில கேட்டதத் திருச்சியில கேக்குறாங்க. கேள்விக்கு என்ன பட்டாவா இருக்கு?" என்றாய். கடைசியில் குரலை இறக்கி, "யார்கிட்டயும் சொல்லிறாதப்பா" என்றாய். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். நீ பஸ் கிளம்புகிற வரைக்கும் முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். வழக்கமாக நான் ஏதாவது சொல்லி உன்னைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவேன். அன்றைக்கு "டிக்கெட்டப் பத்திரமா வச்சுக்க" என்றதோடு சரி.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, "ஏம்ப்பா குழாய் வாய இம்புட்டுப் பெருசாத் தொறந்துருக்கு?" என்று கேட்டாய். எனக்கு அதற்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், "அதுக்குப் பசி" என்றேன். நீ அதைப் போய் வகுப்பில் சொல்லி, வகுப்பே உன்னைப் பார்த்துச் சிரித்து, அழுதுகொண்டு வந்தாய். அதிலிருந்து நான் என்ன சொன்னாலும் "யாரு சொன்னா?" என்று கேட்க ஆரம்பித்தாய். மழை வரும்டா என்றால் யாரு சொன்னா. கத்தரிக்காய் உடம்புக்குச் சூடு என்றால் யாரு சொன்னா. உன் அம்மாவுக்கு எரிச்சல் வரும். எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோஷமாக இருக்கும். என்னைப்போல வாயில் வந்ததைச் சொல்லித் திரியாமல், எங்கிருந்து வந்தது என்று பார்க்கிற பிள்ளையாக இருக்கிறான் என்று சந்தோஷம். அவன்தானே கேள்விக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்கிறான் என்பதைத்தான் இந்தக் காளவாசல் ரோட்டில் நடந்து நடந்து யோசிக்கிறேன்.

நீ சொன்னதையும் தள்ளிவிடவில்லை. எல்லாரும் அப்படித்தான் பண்ணுகிறார்கள் என்றால் பண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள், எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது குழாய். சித்திரை மாதம் வந்தால் ஊரில் ஒருத்தனிடமும் குழாய் மிச்சம் இருக்காது. நான் அவனிடம் வாங்குவேன், அவன் என்னிடம் வாங்குவான், பேச்சு வார்த்தை இல்லாதவன்கூட அந்த மாதம் கொடுத்து வாங்கிக்கொள்வான். ஆனால் குழாயின் வாயைச் சுற்றி யார் கடைப் பெயர் எழுதியிருக்கிறதோ, அந்தப் பெயர் வெளியே தெரிகிறமாதிரிதான் கம்பத்தில் கட்ட வேண்டும். இதை எந்தச் சங்கத்திலும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மீற மாட்டோம். ஒருதரம் மேலக்கால் ஊர் மைக் செட்காரர் ஒருத்தர் நம் குழாயை வாங்கிக்கொண்டு போய், நம் பெயர்மேல் தாளை ஒட்டி அவர் பெயரை எழுதிக் கட்டிவிட்டார். கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது நான் கம்பத்தில் ஏறித் தாளைக் கிழித்தேன். கீழே இருந்து அவர் கத்துகிறார், "அண்ணே, வாடகையத்தான் முன்னாடியே குடுத்துட்டேன்ல!" நான் மேலே இருந்து கத்தினேன், "வாடகை குழாய்க்குய்யா! பேருக்கு எவன் வாடகை வாங்குனான்?" பெண் வீட்டார் யாரோ பைத்தியக்காரன் கம்பத்தில் ஏறிவிட்டான் என்று பயந்து, என்னை இறக்கி எனக்கு முதலில் இலை போட்டு உட்கார வைத்தார்கள். ஞானராஜ் சாரின் கேள்வியை நீ கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, பாண்டி. அவர் பெயர்மேல் தாளை ஒட்டினாய் பார், அதுதான் பொறுக்கவில்லை.

நேற்றுக் கால் தானாக அவர் வீட்டுக்குப் போனது. சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனால், சார் ஒரு பல்லியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள ஒரு கேள்வி இருக்குய்யா, வர மாட்டேங்குது" என்றார். நான் சுற்றி வளைத்து அந்த வைகைக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். மனிதருக்கு முகமெல்லாம் விளக்கு. ராமநாதபுரத்துக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போனாராம். பஸ் ஜன்னலில் அந்தக் கண்மாயைப் பார்த்தாராம், கடல் அம்புட்டுப் பக்கத்தில் இருக்கும்போது ஆறு இங்கேயே தங்கிவிட்டதே என்று தோன்றியதாம். துக்க வீட்டில் எல்லாரும் அழும்போது இவர் அதை எப்படிக் கேள்வியாக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். விருந்தாளி என்ற சொல் கிடைத்ததும் சிரித்துவிட்டாராம். "சம்சாரம் அன்னைக்கு முழுக்க எங்கூடப் பேசல" என்று பெருமையாகச் சொல்கிறார். "சார், அத வேற யாராச்சும் எடுத்துக் கேட்டா?" என்றேன். "கேக்கட்டும்யா, கேக்கத்தானே பண்ணியிருக்கேன். ஆனா என் பேரச் சொல்லிட்டுக் கேக்கணும். சொல்லாமக் கேட்டான்னா அவன் வீட்டு வாசல்ல போயி உக்காந்துருவேன்" என்றார். "உங்க மூட்டுவலிக்குத் தரையில உக்கார முடியுமா சார்?" "நாற்காலி கொண்டு போவேன்!" அவர் சொன்ன வாசல் நம் வாசல்தான் என்று அவருக்குத் தெரியாது. நாற்காலியும் நம்மிடம்தான் வாடகைக்கு எடுப்பார். சிரித்துக்கொண்டு எழுந்தேன். கிளம்பும்போது, "பாண்டி எப்படி இருக்கான்? அன்னைக்கு அந்தக் கேள்விக்கு அவன் ஒருத்தன்தான்யா பதில் சொன்னான். எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். சைக்கிளை ஏறி மிதிக்க முடியவில்லை. கல்பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இன்று காலையில் சகாயராணி வந்தாள், அவள் அப்பாவோடு. அவர் செக்கானூரணிப் பக்கம் ஆடு வைத்திருக்கிறாராம். கடை வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், இது கோயில் இல்லைய்யா, மைக் செட் கடை என்று உள்ளே கூட்டி வந்தேன். அந்தப் பிள்ளை நேரே கேட்டாள். "அண்ணே, அன்னைக்குக் குழாயில கேள்வியும் பதிலும் வந்துச்சுல்ல? நான் ரெண்டாவது வாட்டி போடச் சொன்னேன்ல? எங்க டீச்சர்கூட நம்ப மாட்டேங்கிறாங்க. பொய்யி சொல்லுற புள்ளைய இனி போட்டிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டாங்க." அவள் அப்பா குறுக்கே வந்து, "கப்பு வேணாம் சாமி. கப்ப வச்சு என்ன, ஆட்டுக்குத் தண்ணி காட்டவா? எம் புள்ள கள்ளி இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். நீ என்னிடம் கேட்டுக்கொண்டது காதிலேயே இருந்தது. அந்தப் பிள்ளையின் கண் என் முகத்திலேயே இருந்தது. "ஆமா தாயி, போட்டேன். ரெண்டு வாட்டி போட்டேன்" என்றேன். "அப்ப சனிக்கிழமை வந்து சொல்றீங்களா?" என்றாள். "சொல்றேன்" என்றேன். எனக்குக் காலைச் சாப்பாடு கொண்டு வந்த உன் அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் போன பிறகு வந்து, "சொல்லிட்டீங்களா?" என்றாள். "சொல்லிட்டேன்." "அவன் கோவிச்சுக்குவான்." "கோவிச்சுக்கட்டும்." "நீங்க தாங்க மாட்டீங்க." அது உண்மை. அதனால்தான் அவள் பேனாவைத் திணித்தாள்.

பேங்கில் இதெல்லாம் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயப்படாதே, பள்ளிக்கூடத்துப் போட்டிக்காக எந்த பேங்க்காரனும் ஆளை வேலையை விட்டு அனுப்ப மாட்டான். 'குவிஸ் பாண்டி' என்ற பெயர் போய்விடும் என்றுதான் உனக்குப் பயம். கொஞ்சம் போகத்தான் செய்யும். நாலு பேர் சிரிப்பார்கள். நான் ஆயுசுக்கும் ஊர் சிரிக்க வாழ்ந்தவன், அதில் செத்தவன் ஒருத்தனும் இல்லை. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். அது உன்னிடம் கேட்கிற எல்லாவற்றுக்கும் உனக்குப் பதில் தெரியாது. அப்போது தெரியாது என்று சொல்லிப் பழகு. இன்னொருத்தர் சொன்னதைச் சொன்னால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லு, பிள்ளைக்கு மரியாதை கற்றுக்கொடுத்த மாதிரியும் ஆகும். அம்மா பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். தபாலில் அனுப்பினால் கொட்டிவிடுமாம், நீ வந்தால் எடுத்துக்கொண்டு போகலாமாம். அவளுடைய தந்திரம் இவ்வளவுதான்.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். பரிசு கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு நிமிஷம் வேண்டும் என்றேன். "சவுண்ட் சர்வீஸ்காரர் என்னய்யா பேசப் போறீரு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கேசட்டை நான்தான் போட்டேன், அந்தப் பிள்ளைகள் கேட்ட காதுக்குப் பரிசு கொடுக்கலாமே தவிர தண்டனை கொடுக்கக் கூடாது என்பதை நான் சொல்லிவிடுவேன். அதுவரைக்கும்தான் என் பங்கு. போட்டிக்குப் புதிதாக உண்டாக்கியதாகச் சொன்ன கேள்விகள் பழைய கேசட்டில் எப்படி வந்தன என்று யாராவது எழுந்து கேட்பார்கள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. ஞானராஜ் சாரையும் கூப்பிட்டிருக்கிறேன். நாற்காலி முன் வரிசையில் போட்டிருக்கும்.

சனிக்கிழமை உங்களுக்கு அரை நாள்தான் என்று சொன்னாய். மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தால் விளக்குப் போடும் நேரத்துக்கு வந்துவிடலாம். நீ வருவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இந்த நடை நடக்கிறேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மைக் வைத்தவன், அதற்குள் நான் பேசியது 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' மட்டும்தான். அதற்கு மேல் என்ன சொல்வது, எங்கே மூச்சு விடுவது என்று ஒன்றும் தெரியாது. ஆனால் மேடையில் மைக் ஸ்டாண்டை உன் உயரத்துக்குத்தான் திருகி வைக்கப் போகிறேன். நீ வராவிட்டால் நான் எக்கி நின்று பேசிக்கொள்கிறேன்.

உன் அப்பா